நெடுந்தூர சைக்கிள் பயணம்: என்ன சாப்பிடுவது, எப்போது குடிப்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதல் தடவை 100 கிலோமீட்டர் ஓட்டப் போகிறவர்களுக்கும், பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் 200 கிலோமீட்டரை முடிக்க வேண்டிய பிரெவெட் என்ற நெடுந்தூர ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டுத் தூக்கம் வராமல் இருப்பவர்களுக்கும் இந்தப் பக்கம். சைக்கிள், டயர், கியர் பற்றி எவ்வளவோ பேசுகிறோம். பாதி வழியில் பலரை உட்கார வைப்பது என்னவோ வயிறுதான்.

வழக்கமாகச் சாப்பிடுவதைச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால் போதாதா?

ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிகிற ஓட்டம் என்றால் தாராளமாகப் போதும். ஒரு பாட்டில் தண்ணீர் இருந்தால் சரி.

அதற்கு மேல் போனால் கணக்கு உதைக்கும். நாம் சாப்பிடும் மாவுச்சத்தை (சர்க்கரையும் இதில் சேரும்) உடம்பு கிளைகோஜனாக மாற்றித் தசைகளிலும் கல்லீரலிலும் சேர்த்து வைக்கிறது. தசைகளில் ஏறக்குறைய 400 முதல் 500 கிராம், கல்லீரலில் 100 கிராம் அளவு. ஒரு கிராமுக்கு 4 கலோரி என்று வைத்தால் மொத்தக் கையிருப்பு 2,000 கலோரிக்குக் கொஞ்சம் மேலே. இப்போது செலவைப் பாருங்கள். சராசரியாக 150 வாட் சக்தியில் மிதிக்கிற ஒருவர் மணிக்கு 540 கலோரி அளவுக்குச் செலவழிக்கிறார். ஆறு மணி நேரத்தில் 3,200 கலோரியைத் தாண்டிவிடும். இதில் ஒரு பங்கைக் கொழுப்பு கொடுக்கும். ஒல்லியான ஆளிடம்கூடப் பல நாள் ஓட்டத்துக்குக் காணும் அளவு கொழுப்பு இருக்கிறது. ஆனால் கொழுப்பு மெதுவாகத்தான் எரியும். மேடு வந்தாலோ எதிர்க்காற்று அடித்தாலோ உடம்பு கை நீட்டுவது கிளைகோஜனிடம். அந்த இருப்பை வழியிலேயே கொஞ்சம் கொஞ்சமாக ஈடுகட்ட வேண்டும்.

வழியில் சக்தி தீர்ந்து போனால் எப்படித் தெரியும்?

முதலில் மனநிலையில் தெரியும். காரணமே இல்லாமல் எரிச்சல் வரும். கூட ஓட்டுகிறவர் பேசுவது பிடிக்காது, "எதற்கு இந்த வேலை நமக்கு" என்று தோன்றும். இது பசியின் வேலை என்று அந்த நேரத்தில் யாருக்கும் உறைப்பதில்லை. அடுத்து கால் கனக்கும், கை நடுங்கும், குளிர்ந்த வியர்வை வரும், தலை சுற்றும், கண்ணெதிரே இருக்கிற திருப்பத்தைக் கவனிக்காமல் நேரே போவீர்கள். வாகனங்கள் ஓடும் சாலையில் இது விளையாட்டு இல்லை.

தேர்ந்த வீரர்களுக்கும் இது வரும். 2013 டூர் டி பிரான்ஸ் 18ஆம் கட்டத்தில், முதலிடத்தில் இருப்பவர் அணியும் மஞ்சள் ஜெர்சியோடு ஆல்ப் டுவெஸ் மலையேறிக்கொண்டிருந்த கிறிஸ் ஃபுரூமுக்குக் கடைசிக் கிலோமீட்டர்களில் சக்தி வற்றிவிட்டது. சக வீரர் ரிச்சி போர்ட் பின்னால் போய் அணிக் காரிலிருந்து ஜெல் (பொட்டலத்தில் வரும் இனிப்புக் கூழ்) வாங்கி வந்து கொடுத்தார். அந்தத் தூரத்தில் உணவு வாங்க அனுமதி கிடையாது என்பதால் இருவருக்கும் 20 விநாடி தண்டனை. ஃபுரூம் அதையும் வாங்கிக்கொண்டு அந்த ஆண்டு டூரை வென்றார். ஜெல் இல்லாமல் போயிருந்தால் 20 விநாடியைவிட நிறையவே இழந்திருப்பார்.

உங்களுக்கு அப்படி ஆனால் இறங்கி நிழலில் உட்காருங்கள். சீக்கிரம் ரத்தத்தில் கலக்கும் இனிப்பு 30 முதல் 40 கிராம், கூடவே தண்ணீர். கால் மணி நேரம் பொறுங்கள். தலை தெளிந்த பிறகு மெதுவாகக் கிளம்பி, கொஞ்ச நேரத்தில் இன்னொரு முறை சாப்பிடுங்கள். இருந்ததை எல்லாம் ஒரே மூச்சில் விழுங்கினால் அடுத்த சிக்கல் வயிற்றில் வரும்.

எத்தனை நாளுக்கு முன்பிருந்தே தயாராக வேண்டும்?

ஒன்றரை அல்லது இரண்டு நாள் போதும். 'ஒரு வாரம் முன்பிருந்து' என்பது பழைய முறை. அது எங்கிருந்து வந்தது என்பதே ஒரு நல்ல கதை. 1966இல் பெர்க்ஸ்ட்ரோம், ஹல்ட்மன் என்ற இரண்டு சுவீடன் ஆய்வாளர்கள் ஒரே பயிற்சி சைக்கிளின் இரு பக்கமும் உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு காலால் மட்டும் ஓய்ந்து போகும்வரை மிதித்தார்கள். பிறகு மூன்று நாள் மாவுச்சத்து நிறைந்த சாப்பாடு. தொடையில் ஊசி போட்டுத் தசைத் துணுக்கு எடுத்துப் பார்த்தபோது, மிதித்த காலில் கிளைகோஜன் மிதிக்காத காலைவிட இரு மடங்கு அளவுக்கு ஏறியிருந்தது. இதிலிருந்துதான் முதலில் கிளைகோஜனை வற்ற விட்டு, பிறகு நிரப்புகிற முறை பிறந்தது. வற்ற விடும் நாட்களில் ஆள் சோர்ந்து, சிடுசிடுவென்று இருப்பார். வற்ற விடாமலே, பயிற்சியைக் குறைத்து மாவுச்சத்தைக் கூட்டினாலே ஏறக்குறைய அதே அளவு நிரம்பும் என்று 1980களில் தெரிந்த பிறகு அந்தத் துன்பம் தேவைப்படவில்லை.

இப்போது விளையாட்டு ஊட்டச்சத்து வழிகாட்டல்கள் சொல்வது, முந்தைய 36 முதல் 48 மணி நேரத்தில் உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 10 முதல் 12 கிராம் மாவுச்சத்து. 60 கிலோ எடை இருப்பவருக்கு அது 600 கிராமுக்குக் குறையாது. வெறும் சோறாகக் கணக்குப் போட்டால் இரண்டு கிலோவுக்கு மேல். யாராலும் முடியாது, முடிந்தாலும் தேவையில்லை. பந்தயத்துக்குப் போகாமல் தூரத்தை முடிப்பதே குறி என்றால், வழக்கமான தட்டில் சோறு, ரொட்டி, உருளைக்கிழங்கு, பழம் ஆகியவற்றின் பங்கைக் கூட்டி, எண்ணெய், இறைச்சி, காய்கறியின் பங்கைக் குறைத்தாலே என் கணக்கில் முக்கால் வேலை முடிந்தது. மீதிக்கு ஜாம், தேன், பழச்சாறு கைகொடுக்கும்.

இந்த இரண்டு நாளில் எடை ஒன்றரை கிலோ வரை ஏறினால் பதற வேண்டாம். ஒவ்வொரு கிராம் கிளைகோஜனும் மூன்று கிராம் அளவுக்குத் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வழியில் அது பயன்படும்.

முந்தின இரவு என்ன சாப்பிடலாம், எதைத் தொடக் கூடாது?

வயிறு பழகிய சாப்பாடு எதுவானாலும் சரி, தூங்குவதற்கு மூன்று மணி நேரம் முன்பே முடித்துவிடுங்கள். அன்றைக்கு மட்டும் பயறு வகைகள், முட்டைக்கோஸ், பச்சைக் காய்கறி, தவிட்டோடு இருக்கிற தானியம் இவற்றையெல்லாம் ஒதுக்கலாம். மற்ற நாளில் உடம்புக்கு நல்லது செய்கிற அதே நார்ச்சத்து, மறுநாள் 70ஆவது கிலோமீட்டரில் கழிப்பறை தேட வைக்கும். பொரித்ததும் காரமானதும் வேண்டாம். விருந்து மாதிரி மூக்கு முட்டச் சாப்பிடவும் வேண்டாம். கனமாகச் சாப்பிட ஏற்ற வேளை முந்தின நாள் மதியம்.

மது? தூக்கத்தைக் கெடுக்கும், சிறுநீரைப் பெருக்கும். ஓட்டி முடித்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

காலை நாலு மணிக்குக் கிளம்ப வேண்டும். அந்த நேரத்தில் எப்படிச் சாப்பிடுவது?

புத்தகக் கணக்கு: கிளம்புவதற்கு ஒன்று முதல் நான்கு மணி நேரம் முன்பு, ஒரு கிலோ எடைக்கு 1 முதல் 4 கிராம் மாவுச்சத்து. எத்தனை மணி நேரம் முன்போ அத்தனை கிராம் என்று நினைவில் வைத்தால் எளிது. ஆனால் நாலு மணி ஓட்டத்துக்காக நள்ளிரவு பன்னிரண்டுக்கு எழுந்து சாப்பிடுகிறவர் தூக்கத்தை விற்றுச் சோறு வாங்குகிறார். மூன்று மணிக்கு எழுந்து, ஜாம் தடவிய இரண்டு துண்டு வெள்ளை ரொட்டியும் ஒரு வாழைப்பழமும் சாப்பிட்டால் 60 கிலோ ஆளுக்குப் போதுமான மாவுச்சத்து வந்துவிடும். மென்று விழுங்கவே முடியவில்லை என்றால் அதையே பழச்சாறாகக் குடிக்கலாம், அல்லது முதல் அரை மணி நேரத்துக்குள் சைக்கிள் மேலேயே சாப்பிடத் தொடங்கலாம். இரவுத் தூக்கத்தில் குறைவது பெரும்பாலும் கல்லீரலில் இருக்கும் கையிருப்புதான். முந்தின நாள் நன்றாகச் சாப்பிட்டிருந்தால் கால் தசைகள் நிரம்பியே இருக்கும்.

சிலருக்குக் கிளம்ப அரை மணி, முக்கால் மணி இருக்கும்போது இனிப்பு சாப்பிட்டால், இன்சுலின் குதித்து, ஓட்டத் தொடங்கியதும் ரத்தச் சர்க்கரை சட்டென்று இறங்கித் தலை கிறுகிறுக்கும். உங்களுக்கு அப்படி நடந்தால் அந்த இனிப்பைக் கிளம்பும் தறுவாயில் சாப்பிடுங்கள். கால் மிதிக்கத் தொடங்கிவிட்டால் இன்சுலின் அப்படிக் குதிக்காது.

காபி குடிக்கலாமா?

குடிக்கலாம். காஃபீன் பலன் தருவது ஆய்வுகளில் நன்றாகவே நிறுவப்பட்ட விஷயம். ஒரு கிலோ எடைக்கு 3 மில்லிகிராம் அளவே போதும், குடித்து முக்கால் மணி முதல் ஒரு மணி நேரத்தில் உச்சத்துக்கு வரும். ஒரு கோப்பை காபியில் பெரும்பாலும் 80 முதல் 100 மில்லிகிராம் இருக்கும், போடுகிற விதத்தைப் பொறுத்து நிறைய மாறும். உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு 2004இல் இதைத் தடைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. சிறுநீர் அதிகம் போய் உடம்பு வற்றிவிடும் என்ற பயம், வழக்கமாகக் காபி குடிக்கிறவர்களுக்கு வேண்டியதில்லை. வயிற்றைக் கலக்குமா என்பதைப் பயிற்சி நாளிலேயே பார்த்துவிடுங்கள். இரவு ஓட்டத்தில் எல்லாவற்றையும் மாலையிலேயே குடித்துத் தீர்க்காமல், கண் சொக்குகிற பின்னிரவுக்கென்று கொஞ்சம் மிச்சம் வைப்பது கெட்டிக்காரத்தனம்.

ஓட்டும்போது மணிக்கு எவ்வளவு சாப்பிட வேண்டும்?

ஒன்றரை முதல் இரண்டரை மணி நேரம் வரையான ஓட்டத்துக்கு மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து. அதற்கு மேல் 60இல் ஆரம்பித்து 90 வரை போகலாம். இன்றைய தொழில்முறை வீரர்கள் 100, 120 கிராம்கூட எடுக்கிறார்கள். அவர்கள் ஓட்டும் வேகத்துக்கு அது வேண்டும், நமக்கு வேண்டியதில்லை. மிதமான வேகத்தில் நாள் முழுக்க ஓட்டுகிறவர் 50 முதல் 70 கிராமைத் தவறாமல் உள்ளே தள்ளினால் நன்றாகவே முடிப்பார்.

60க்கும் 90க்கும் நடுவில் ஒரு கதவு இருக்கிறது. குடலில் குளுக்கோஸை உள்ளே வாங்குகிற கடத்திப் புரதம் மணிக்கு 60 கிராமுக்கு மேல் தாங்காது. மிச்சம் குடலிலேயே தங்கித் தண்ணீரை இழுத்து, வயிறு உப்பி, கடைசியில் கழிப்பறைக்கு ஓடவும் வைக்கும். ஃபுரக்டோஸ் உள்ளே போகும் வழி வேறு. இரண்டையும் கலந்து சாப்பிட்டால் இரண்டு வழியிலும் சக்தி வரும். கடையில் விற்கும் விலையுயர்ந்த பொடிகளில் '2:1' என்று எழுதியிருப்பது இந்தக் கலவையைத்தான்: குளுக்கோஸ் இரண்டு பங்கு, ஃபுரக்டோஸ் ஒரு பங்கு. சாதாரணச் சர்க்கரை பாதி குளுக்கோஸ், பாதி ஃபுரக்டோஸ். வாழைப்பழத்திலும் பேரீச்சையிலும் தேனிலும் இரண்டும் உண்டு. 60, 70 கிராம் சாப்பிடுகிறவர் இதற்காகத் தனியாகச் செலவழிக்கத் தேவையில்லை.

அளவைவிட நேரம் முக்கியம். பசித்தால் சாப்பிடலாம் என்று இருக்கவே கூடாது. சைக்கிள் மேல் பசி நம்பத் தகாத கடிகாரம். வேகமாக மிதிக்கும்போது பசியே எடுக்காது, எடுக்கிற நேரத்தில் காலம் கடந்திருக்கும். வாயில் போட்டது காலுக்கு வந்து சேரக் கொஞ்ச நேரம் ஆகும். கிளம்பிய 20, 30 நிமிடத்திலேயே முதல் வாய். பிறகு 20 நிமிடத்துக்கு ஒரு தடவை இரண்டு கடி. சைக்கிள் கணினியிலோ கைக்கடிகாரத்திலோ ஒலி வைத்துக்கொள்ளுங்கள். அது கூப்பிடும்போது மேடு ஏறிக்கொண்டிருந்தால் ஏறி முடித்துவிட்டுச் சாப்பிடலாம், மறக்க மட்டும் கூடாது.

60 கிராம் என்றால் கையில் எவ்வளவு?

நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் 25 கிராம் அளவு மாவுச்சத்து. பெரிய பேரீச்சை ஒன்றில் 15 கிராமுக்கு மேல். ஜாம் தடவி மடித்த ஒரு துண்டு ரொட்டி 25. வேகவைத்த உருளைக்கிழங்கு 100 கிராமில் 17 முதல் 20. ஜெல் ஒரு பொட்டலம் 20 முதல் 30. ஆக ஒரு மணி நேரத்துக்கு ஒரு வாழைப்பழம், இரண்டு பேரீச்சை என்றால் கணக்கு சரி.

ஜெர்சியின் முதுகுப் பக்கம் மூன்று பை இருக்கும். அடுத்த ஒரு மணி நேரத்துக்கானது வலதுபுறப் பையில், நீங்கள் இடது கைக்காரர் என்றால் இடதில். நடுப் பையில் கைபேசியும் மீதிச் சாப்பாடும். காலியான உறைகள் மூன்றாவது பைக்கு. ஜெல் உறை ஒட்டும், அதைச் சாப்பாட்டுப் பையிலேயே திணித்தால் அடுத்த இரண்டு மணி நேரம் விரல், கைப்பிடி, பிரேக் எல்லாம் பிசுபிசுக்கும். கடையில் வாங்கிய பார்களின் உறை ஓரத்தை வீட்டிலேயே கொஞ்சம் வெட்டி வைத்துவிடுங்கள். ஒரு கையால் கைப்பிடியைப் பிடித்தபடி பல்லால் உறையைக் கிழிக்கிறவர் அந்த நொடியில் சாலையைப் பார்ப்பதில்லை.

ஜெல் தேவையா? சாதாரண உணவு போதாதா?

என் கட்சி சாதாரண உணவுதான். ஆனால் ஜெல்லுக்கென்று ஓர் இடம் உண்டு. கடைசி 30 கிலோமீட்டரில் மெல்லப் பிடிக்காது, மலையேற்றத்தில் மூச்சு வாங்கும்போது மெல்லவும் முடியாது. அப்போது ஜெல்லோ சர்க்கரை கரைத்த பாட்டிலோ உதவும். பெரும்பாலான ஜெல்லைத் தண்ணீரோடு எடுக்க வேண்டும், இனிப்புப் பானத்தோடு எடுத்தால் வயிற்றில் பாகு ஆகிவிடும். மெதுவாக ஓட்டுகிற முதல் பாதியில், உப்புத் தூவி வேகவைத்த சின்ன உருளைக்கிழங்கைக் கொஞ்சம் மசித்துப் பையில் போட்டு எடுத்துப் போனால் ஜெல்லுக்கு நிகரான வேலையைச் செய்யும். கொட்டை வகைகள், சீஸ், சாக்லேட் பார் எல்லாம் சுவையாகத்தான் இருக்கும். கொழுப்பு அதிகம் என்பதால் வயிற்றிலேயே நெடுநேரம் தங்கும். நின்று இளைப்பாறுகிற இடத்தில் சாப்பிட ஏற்றவை.

எது சாப்பிட்டாலும் குமட்டுகிறதே?

மூன்று காரணம் சாதாரணம். வேகம் அதிகம், வெயில் அதிகம், அல்லது வயிறு பழகவில்லை. கடுமையாக மிதிக்கும்போது ரத்தம் கால் தசைக்கும் தோலுக்கும் போய்விடுகிறது, குடலுக்கு வருவது குறைகிறது. அப்போது உள்ளே போனது அப்படியே கிடக்கும். வேகத்தைக் குறைத்து, வெறும் தண்ணீரைச் சிறிது சிறிதாகக் குடித்தபடி கால் மணி, அரை மணி ஓட்டினால் பெரும்பாலும் அடங்கும்.

மூன்றாவதற்கு மருந்து பயிற்சிதான். காலைப் பழக்குவது மாதிரியே குடலையும் பழக்கலாம். மாவுச்சத்து தொடர்ந்து வர வர, குடல் அதை வாங்கிக்கொள்ளும் திறனைக் கூட்டிக்கொள்ளும். வாரம் ஒருமுறை போகிற நீண்ட ஓட்டத்தில் மணிக்கு 30 கிராமில் தொடங்கி, ஒவ்வொரு வாரமும் 10 கிராம் கூட்டிப் பாருங்கள். பயிற்சிக்கு வெறும் தண்ணீரோடு போய்விட்டு, பெரிய நாளன்று மட்டும் திடீரென்று மணிக்கு மூன்று ஜெல் என்று ஆரம்பிக்கிறவருக்கு வாந்தி வந்தால் அது ஜெல்லின் குற்றம் இல்லை. தொடக்க இடத்தில் இலவசமாகக் கொடுக்கிற புதுப் பானமும் அப்படித்தான். வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள், வீட்டுக்கு வந்து குடித்துப் பாருங்கள்.

தண்ணீர் எவ்வளவு குடிக்க வேண்டும்?

சாப்பாட்டுக்குச் சொன்னதற்கு நேர்மாறான பதில் இதற்கு. சாப்பாட்டுக்குக் கடிகாரத்தைப் பாருங்கள், தண்ணீருக்குத் தாகத்தைக் கேளுங்கள். 'தாகம் எடுப்பதற்குள் குடி' என்ற அறிவுரை பல வருடம் ஓடியது. அதனால் அளவுக்கு மீறிக் குடித்தவர்கள் உண்டு. 2002 பாஸ்டன் மாரத்தானில் ஓடி முடித்த 488 பேரின் ரத்தத்தைச் சோதித்தபோது, 13 சதவீதம் பேருக்குச் சோடியம் இருக்க வேண்டிய அளவுக்குக் கீழே இருந்தது. ஓட்டத்தின்போது எடை கூடியவர்களுக்கும், நான்கு மணி நேரத்துக்கு மேல் மெதுவாக ஓடியவர்களுக்கும் அது அதிகம். வியர்ப்பதைவிட அதிகமாகக் குடித்தால் ரத்தம் நீர்த்துப்போகும். வயிறு உப்பல், தலைவலி, வாந்தி, விரல்கள் வீங்கி மோதிரம் இறுகுவது, பிறகு குழப்பமான பேச்சு, வலிப்பு. உயிருக்கே ஆபத்து. இதைத் தண்ணீர் போதாத மயக்கம் என்று நினைத்து இன்னும் தண்ணீர் கொடுப்பது நிலைமையை மோசமாக்கும். பேச்சு குழறினால் நேராக மருத்துவமனை.

உங்கள் அளவைத் தெரிந்துகொள்ள ஒரு தராசு போதும். உதாரணத்துக்கு, கிளம்பும் முன் குறைந்த உடையில் 68.4 கிலோ. இரண்டு மணி நேரம் ஓட்டி வந்து, வியர்வையைத் துடைத்துவிட்டு ஏறினால் 67.2. வழியில் குடித்தது 900 மில்லி. இழந்த 1.2 கிலோவோடு குடித்த 0.9ஐக் கூட்டினால் 2.1 லிட்டர், அதாவது மணிக்கு ஒரு லிட்டருக்குச் சற்று மேல் வியர்க்கிறது. இடையில் சிறுநீர் போயிருந்தால் அதைக் கழித்துக்கொள்ளுங்கள். ஆளுக்கும் வெயிலுக்கும் ஏற்ப இது அரை லிட்டரிலிருந்து இரண்டு லிட்டர் வரை மாறும். வெயில் நாளிலும் குளிர் நாளிலும் ஒவ்வொரு முறை பார்த்து வைத்தால் எந்த இடத்தில் பாட்டில் நிரப்ப வேண்டும் என்பது தெரிந்துவிடும். இழந்ததை முழுக்க ஈடுகட்டத் தேவையில்லை. உடல் எடையில் 2 சதவீதத்துக்கு மேல் குறையாமலும், எடை ஏறாமலும் பார்த்துக்கொண்டால் போதும்.

குளிரில் தாகம் மந்தமாகும். அப்போது மட்டும் தாகத்தை முழுதாக நம்பாமல், சாப்பாட்டுக்கு வைத்த ஒலி கேட்கும்போதெல்லாம் இரண்டு மடக்கு குடித்துவிடுங்கள்.

ஓ.ஆர்.எஸ். கலந்து குடிக்கலாமா? பாட்டிலில் வேறு என்ன கலப்பது?

ஓ.ஆர்.எஸ். வயிற்றுப்போக்குக்கு ஆன மருந்து. உலக சுகாதார நிறுவனத்தின் 2002 சூத்திரப்படி ஒரு லிட்டரில் குளுக்கோஸ் 13.5 கிராம்தான், அதாவது 54 கலோரி. சோடியமோ 1.7 கிராம் அளவு. உப்புக்கு நல்லது, சாப்பாடாக ஆகாது. அதை மட்டும் குடித்துக்கொண்டு 'சக்தி பானம் குடிக்கிறேனே' என்று சாப்பிடாமல் விட்டால் சக்தி தீர்ந்து போவது உறுதி. வெயிலில் மூக்கு நுனியிலிருந்து சொட்டச் சொட்ட வியர்க்கிறவர்கள், ஒரு பாட்டிலில் ஓ.ஆர்.எஸ்., இன்னொன்றில் வெறும் தண்ணீர் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு லிட்டருக்கான பொட்டலத்தை அரை லிட்டர் பாட்டிலில் கொட்டுவது கூடாது.

வீட்டில் கலக்க: ஒரு லிட்டர் தண்ணீர், மட்டமாக எடுத்த ஐந்து மேசைக்கரண்டி சர்க்கரை, கால் தேக்கரண்டி உப்பு, எலுமிச்சை பிழிந்துகொள்ளலாம். 60 கிராம் மாவுச்சத்தும் 600 மில்லிகிராம் அளவுக்குச் சோடியமும் இதில் கிடைக்கும். கடைப் பானங்கள் பெரும்பாலும் இதே 6 சதவீதச் சர்க்கரைதான். வியர்வையில் போகிற சோடியம் ஆளுக்கு ஆள் லிட்டருக்கு அரை கிராமிலிருந்து ஒன்றரை கிராமுக்கு மேல்வரை மாறும். முடித்தபின் கறுப்புச் சட்டையில் வெள்ளைக் கோடு கோடாக உப்புப் படிகிறவர்கள் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம். உயர் ரத்த அழுத்தமோ சிறுநீரகக் கோளாறோ இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் உப்பைக் கூட்ட வேண்டாம்.

வீடு வந்ததும் பாட்டிலை உடனே கழுவுங்கள். உறிஞ்சும் வாய்ப்பகுதியைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே கறுப்பாகப் பூஞ்சை ஒட்டியிருக்கும். பலருடைய 'காரணம் தெரியாத' வயிற்றுவலிக்கு அங்கேயே விடை கிடைக்கலாம்.

தசைப்பிடிப்பு உப்புக் குறைவால்தானே வருகிறது?

அப்படிச் சொல்லித்தான் கேட்டிருக்கிறோம். ஆய்வுகள் அதற்கு உறுதியாகத் துணை நிற்கவில்லை. பழகாத வேகத்தில், பழகாத தூரத்தில் தசை களைத்துப்போய் நரம்புக் கட்டுப்பாடு குழம்புவதே முக்கியக் காரணம் என்ற பக்கம்தான் இப்போது பலம் அதிகம். பிடித்தால் நிறுத்தி மெதுவாக நீட்டி விடுங்கள். அடிக்கடி பிடித்தால் பயிற்சித் தூரத்தையும் இருக்கை உயரத்தையும் பாருங்கள்.

எடை குறைக்கத்தான் ஓட்டுகிறேன். வெறும் வயிற்றில் ஓட்டினால் கொழுப்பு கரையாதா?

ஒரு மணி நேர மெதுவான ஓட்டத்தை வெறும் வயிற்றில் செய்வதில் தவறில்லை. அந்த நேரத்தில் எரிவதில் கொழுப்பின் பங்கு கூடத்தான் செய்யும். ஆனால் எடை குறைவது நாள், வாரக் கணக்கில் மொத்த வரவு செலவைப் பொறுத்தது. நெடுந்தூர நாளில் பட்டினியாக ஓட்டினால், வீடு திரும்பியதும் கண்ணில் பட்டதையெல்லாம் தின்று மிச்சம் பிடித்ததைத் திருப்பிக் கொடுத்துவிடுவீர்கள். உணவைக் குறைப்பதென்றால் ஓட்டாத நாளில் குறையுங்கள்.

சர்க்கரை நோய் இருக்கிறது, ஓட்டலாமா?

ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். இன்சுலினோ சர்க்கரையை இறக்கும் மாத்திரையோ எடுப்பவர்கள் அளவு மாற்றத்தை மருத்துவரிடம் பேசிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். இந்தப் பக்கத்தில் உள்ள எண்களை அப்படியே எடுக்கக் கூடாது. குளுக்கோஸ் எப்போதும் பையில் இருக்கட்டும், கூட வருகிறவருக்கும் விஷயம் தெரிந்திருக்கட்டும். உடற்பயிற்சிக்குப் பிறகு பல மணி நேரம் கழித்து, தூக்கத்தில்கூடச் சர்க்கரை இறங்கலாம்.

300, 400 கிலோமீட்டர், இரவும் ஓட்ட வேண்டும். அப்போது?

இனிப்பு திகட்டிவிடும். பத்தாவது மணி நேரத்தில் பேரீச்சையைப் பார்த்தாலே வாய் மூடிக்கொள்ளும். ஆகவே இனிப்பு, உப்பு, புளிப்பு மூன்றும் பையில் இருக்க வேண்டும். இந்தத் தூரத்தில் வேகம் குறைவு என்பதால் வயிறு கெட்டி உணவையும் தாங்கும். நாலைந்து மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி உட்கார்ந்து, சூடாக, உப்போடு, கொஞ்சம் புரதமும் சேர்ந்த ஒரு சாப்பாடு. சூப், முட்டை, சோறு, நூடுல்ஸ் எதுவும் சரி. வயிறு நிறையச் சாப்பிட்டால் தூக்கம் தள்ளும், முக்கால் வயிறோடு எழுந்துவிடுங்கள். வரிசையில் நிற்கும்போதே பாட்டிலை நிரப்பிவிட்டால் பத்து நிமிடம் மிச்சம். பின்னிரவில் கடைகள் மூடியிருக்கும் என்பதை வரைபடம் போடும்போதே கணக்கில் எடுத்து, ஒரு மூன்று மணி நேரச் சாப்பாட்டைத் தொடாமல் வைத்திருங்கள்.

1891இல் தொடங்கிய பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் ஓட்டத்தில் இப்போது 1,200 கிலோமீட்டருக்கு அதிகபட்சம் 90 மணி நேரம். அந்த ஓட்டத்தின் பெயரிலேயே சைக்கிள் சக்கர வடிவில், கிரீம் நிறைத்த பலகாரம் ஒன்று உண்டு. ஓட்டும்போது சாப்பிட அதைவிடப் பொருத்தமில்லாத ஒன்றை யோசிப்பது கடினம்.

ஓட்டி முடித்ததும் என்ன செய்வது?

மறுநாள் ஓய்வு என்றால் அவசரமே இல்லை. குளித்துவிட்டு, பசிக்கிறபோது நல்ல சாப்பாடாகச் சாப்பிடுங்கள். ஒரு நாளில் கிளைகோஜன் பெரும்பாலும் நிரம்பிவிடும். மறுநாளும் ஓட்ட வேண்டும் என்றால் அவசரம் உண்டு. முதல் நான்கு மணி நேரத்துக்கு, மணிக்கு ஒரு கிலோ எடைக்கு 1 முதல் 1.2 கிராம் மாவுச்சத்து, முதல் வேளையிலேயே 20 முதல் 25 கிராம் புரதம். பால், முட்டை, பருப்பு, மீன், எது உங்களுக்கு ஒத்துக்கொள்ளுமோ அது. தண்ணீரை ஒரேயடியாகக் குடிக்காமல், இழந்த ஒவ்வொரு கிலோவுக்கும் 1.25 முதல் 1.5 லிட்டர் என்ற கணக்கில், உப்புள்ள உணவோடு சில மணி நேரத்துக்குப் பிரித்துக் குடித்தால் உடம்பில் தங்கும். வந்த உடனே பசி எடுக்காமல் இருப்பது இயல்பு, அப்படியானால் ஒரு பெரிய கோப்பை இனிப்புப் பாலில் தொடங்கலாம்.